தோற்ற அன்று பக்கத்தில் உட்காருங்கள்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டவர்களுக்கு நடுராத்திரி தாண்டியதுமே பொழுது விடிந்துவிடும். மொட்டு விரிவதற்குள் பறித்துக் கடையில் எடை போட்டாக வேண்டும். விரிந்த பூவுக்கு விலை கிடையாது. திண்டுக்கல் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்த எனக்கு இது தெரியாத சங்கதி இல்லை. தெரிந்திருந்தும் ஒரு பிள்ளையின் விஷயத்தில் எனக்கு அது உறைக்காமல் போயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் அப்போது ஒரு கிராமத்துப் பள்ளியில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 800 மீட்டர் ஓடுவாள். ஒல்லியான உடம்பு, நீளமான எட்டு. காலை 5.45க்குப் பயிற்சி என்றால் ஆறு, ஆறேகால் என்று வருவாள். கண் சிவந்திருக்கும். "தூக்கம் பெருசா, ஓட்டம் பெருசா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பேன். தாமதத்துக்குத் தண்டனையாக நாலு ரவுண்டு கூடுதல். ஒரு வார்த்தை பேசாமல் அதை ஓடி முடித்துவிட்டு, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து பயிற்சியையும் ஓடுவாள். நேரம் பார்ப்பதற்காக என் கையிலிருந்து ஸ்டாப் வாட்சை வாங்கும்போது அவள் விரல்களில் மல்லிகை வாசம் அடிக்கும். தலையில் பூ இருக்காது. அந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மாவட்டப் போட்டியில் முதல் ரவுண்டு முழுக்க இரண்டாவதாக ஓடியவள், கடைசி 200 மீட்டரில் அப்படியே தளர்ந்துபோய் ஆறாவதாக முடித்தாள். கோட்டைத் தாண்டியதும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய், "ஸ்கூல் மானத்தையே வாங்கிட்டியேம்மா" என்றேன். கூட வந்த பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்கள். திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை.

திங்கட்கிழமை அவள் மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பாவைச் சந்தையில் பார்த்து விசாரித்தேன். "ரெண்டு மணிக்கு எந்திரிச்சு எங்ககூடப் பூப் பறிச்சுட்டுத்தான் சார் அங்க ஓடியாருவா. இப்ப வேணாங்குறா. என்னாத்தான்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறா" என்றார். அந்த மனிதரின் குரலில் என்மேல் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. நான் என்ன சொன்னேன் என்பதை அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறாள் பதினான்கு வயதுப் பிள்ளை. அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அவளுக்கு உடம்பில் குறை இல்லை. திறமையில் குறை இல்லை. "ஏம்மா லேட்டு?" என்று தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். பயிற்சியை மாலைக்கு மாற்றியிருப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு அந்த வருடம் முழுவதும் நேரம் இருந்தது. விளையாட்டுப் பயிற்சி என்றால் உடம்பைப் பழக்குவது என்று மட்டுமே கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த உடம்புக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்கு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்கு ஒரு பிழைப்பு இருக்கிறது என்பதை இவளை இழந்துதான் கற்றுக்கொண்டேன்.

பிற்பாடு மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியின் கதை தெரிய வந்தபோது, நான் செய்யத் தவறியதை இன்னொருவர் செய்திருக்கிறார் என்று மனம் ஆறியது. ரேவதி சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். பாட்டி ஆரம்மாள் வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய் ரேவதியையும் தங்கையையும் வளர்த்தார். பள்ளிப் போட்டி ஒன்றில் வெறுங்காலோடு ஓடிய இந்தப் பெண்ணை மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மதுரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். ஓடத் தெரிந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை; கையில் வாட்ச் இருந்தால் யாரும் கண்டுபிடிக்கலாம். கண்ணன் அதற்கப்புறம் செய்ததைப் பாருங்கள். பாட்டி முதலில் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். தினமும் மதுரைக்கு வந்துபோகப் பஸ் காசு இல்லை. கண்ணன் பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். கட்டணம் இல்லாமல் பயிற்சி கொடுத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் தங்க விடுதியும் கிடைக்க வழி செய்தார்.

ஷூ வாங்குவதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்குச் சோறும் படுக்கையும் படிப்பும் உறுதியாகிவிட்டன. 2016இல் கோவையில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். பிறகு பாட்டியாலா தேசிய முகாம், அங்கே 400 மீட்டருக்கு மாற்றம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த அணி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆனாலும் சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோ வரைக்கும் ஒரு பெண் ஓடியிருக்கிறாள். அந்த ஓட்டத்தின் முதல் அடி, பாட்டியோடு ஒரு வாத்தியார் உட்கார்ந்து பேசியதுதான் என்று நான் நினைக்கிறேன். பூக்காட்டுக்கு நானும் போயிருக்கலாம். என் பள்ளியிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம்கூட ஆகாது.

நம் மைதானங்களில் சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்குகிற விஷயங்களில் பாதி, உடம்பு சம்பந்தப்பட்டவை. இதை நான் அடித்துச் சொல்வேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. இரும்புச் சத்து குறைந்த பிள்ளை முதல் 400 மீட்டரை நன்றாக ஓடும், பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடும். பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று பல பிள்ளைகள் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். என் 800 மீட்டர் பெண் கடைசி 200 மீட்டரில் தளர்ந்தது ஞாபகம் வருகிறதா? எனக்கு வராத நாள் இல்லை.

வளர்த்தி இன்னொன்று. பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதையொட்டியும் பையன்களுக்குப் பதினான்கையொட்டியும் உயரம் ஒரே வருடத்தில் எட்டு ஒன்பது சென்டிமீட்டர்கூடக் கூடிவிடும். எலும்பு நீண்டுவிடும், தசை அதற்கு ஈடுகொடுக்கக் கொஞ்ச காலம் எடுக்கும். நேற்றுவரை துல்லியமாகப் பந்து போட்ட பையனுக்குத் திடீரென்று கை எங்கே போகிறதென்றே தெரியாது. நன்றாகத் தாண்டியவன் பலகையை மிதித்து மிதித்து ஃபவுல் வாங்குவான். முட்டிக்குக் கீழே எலும்பு வீங்கி வலிக்கும். "மூணு மாசமா இறங்கிக்கிட்டே இருக்க, மனசு எங்கடா இருக்கு?" என்று அந்தச் சமயத்தில் வாத்தியார் திட்டுவார். மனசு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, கால் வளர்ந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுவரில் நிறுத்திக் கோடு போட்டு உயரத்தைக் குறித்து வைத்தாலே தெரிந்துவிடும். அந்தக் கோட்டைக் காட்டி, "வளர்ந்திருக்கடா, கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும், தானா சரியாகும்" என்று சொன்னபோது ஒரு பையன் என் முன்னால் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது. தனக்குத் திறமை போய்விட்டது என்று அவன் மாதக்கணக்கில் ராத்திரி அழுதிருக்கிறான்.

ஆண் பிள்ளைகள் அழுவதை நம் ஊரில் யாரும் பொறுப்பதில்லை. "ஆம்பளப் பய அழுவானாடா" என்று தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவோம். பேகம்பூர்ப் பையன் ஒருவன் எங்கள் கால்பந்து அணிக்கு கோல்கீப்பராக இருந்தான். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. ஒரு போட்டி பெனால்டிக்குப் போய், இவன் கைக்குள் வந்த பந்தை நழுவவிட்டு நாங்கள் வெளியே வந்தோம். அதற்குள் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. தோற்றுவிட்டு வந்த பிள்ளையிடம் முதல் அரை மணி நேரம் ஆட்டத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொடுப்பது, "சாப்டியா?" என்று கேட்பது, அவ்வளவுதான். அவன் சாப்பிடவில்லை. கேலரிப் படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றாமலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். எதிரே மலைக்கோட்டைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு இட்லியை வாங்கி நடுவில் வைத்துவிட்டு நான் ஒன்றை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவனும் எடுத்தான்.

பிறகு கேட்டான்: "சார், நாளைக்கு நான் வரணுமா?"

அவன் மனதில் இருந்தது அந்தப் பந்து இல்லை, கோல் இல்லை. இனி இங்கே தனக்கு இடம் உண்டா என்பதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு வாயால் என்ன பதில் சொன்னாலும் சமாதானம் மாதிரிதான் இருந்திருக்கும். எங்கள் விளையாட்டு அறைக்கு ஒரு பழைய மாங்காய்ப் பூட்டு. நம்ம ஊர்க் கைவேலை, கனமான பூட்டு. அதன் சாவி எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "காலைல நீ வந்து தெறந்தாத்தான் பந்து வெளிய வரும். அஞ்சரைக்கு வந்துரு." ஐந்தே காலுக்கே வந்து திறந்து, பந்துகளுக்குக் காற்று அடித்து வைத்திருந்தான். பள்ளியை விட்டுப் போகிறவரை அந்தச் சாவி அவனிடமே இருந்தது. பெரிய ஆட்டக்காரனாக வரவில்லை. லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பந்து விளையாடுகிறான். எனக்கு அது போதும்.

கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜன் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சேலம் சின்னப்பம்பட்டிக்காரர் என்றாலும் திண்டுக்கல்லுக்கும் அவர்மேல் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதன்முதலாகத் தொடங்கியபோது அவர் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஆடினார். நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நம் ஊர்ச் சனம் அந்தப் போட்டிகளைப் பார்க்கத் திரண்டது. அடுத்த ஆண்டே ஐ.பி.எல். ஏலத்தில் பத்து லட்சம் அடிப்படை விலையிலிருந்து மூன்று கோடிக்குப் பஞ்சாப் அணி அவரை எடுத்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த லீக்குக்கு முந்தைய ஆண்டைப் பற்றித்தான் நான் பிள்ளைகளிடம் அதிகம் பேசுவேன்.

2015 ஜனவரியில் ரஞ்சி கோப்பையில் முதல் ஆட்டம். அந்த ஆட்டத்திலேயே அவர் பந்து வீசும் முறைமீது சந்தேகம் எழுப்பப்பட்டது. பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடி, தறி ஓட்டிய அப்பாவும் ரோட்டோரம் கடை போட்ட அம்மாவும் சேர்த்த காசில் சென்னை வரை வந்த பையனுக்கு, முதல் ஆட்டத்திலேயே "உன் கையே தப்பு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அங்கேயே முடிந்துபோயிருக்க வேண்டிய வாழ்க்கை. முடியவில்லை. சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் வீச்சைப் பொறுமையாகச் சீராக்கிக் கொடுத்தார்கள். ஊரில் அவரைக் கண்டெடுத்து, சென்னை லீக் ஆட்டங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்த ஜெயப்பிரகாஷ் அண்ணன் கைவிடவில்லை. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள் போட்டி, டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார் நடராஜன். சட்டையில் தன் பெயரோடு 'ஜேபி' என்ற எழுத்துகளையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். அந்த ஜேபி, ஜெயப்பிரகாஷ்தான். தன் ஊரில் இப்போது சொந்தமாக ஒரு மைதானமே அமைத்துக் கொடுத்திருக்கிறார். தப்பு என்று சொல்வது நடுவரின் கடமை. தப்பு என்று சொல்லப்பட்ட பையனைத் தூக்கிப் பிடிப்பது பயிற்சியாளரின் கடமை. அந்த இரண்டாவது வேலைக்கு ஆள் கிடைத்தவர் நடராஜன்.

கிடைக்காதவர் ஒருவரையும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். புதுக்கோட்டை கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடம்பைப் பற்றிய அந்தரங்கத்தை உலகமே பேசியது. ஒரு பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லை வரைக்கும் போய் மீண்டு வந்தார். சூளைக்கே திரும்பிக் கூலி வேலை செய்தார். பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு அரசின் தடகளப் பயிற்சியாளர் ஆனார். தனக்குக் கிடைக்காத துணையைப் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை அது. சாந்தியின் மனவலிமையை நாம் போற்றுகிறோம், சரி. அவரைத் தனியே விட்ட வெட்கம் நம் எல்லோருக்கும் பொதுவானது.

உலக அளவிலும் இப்போதுதான் வீரர்களின் மனதைப் பற்றி வாய் திறந்து பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோவில் மனநிலை சரியில்லை என்று சொல்லிப் பாதியில் விலகினார்; மூன்று ஆண்டு கழித்துப் பாரிசில் மூன்று தங்கம் வாங்கினார். நம் சென்னைப் பையன் குகேஷ், 2024 உலகச் சதுரங்கப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பதினெட்டு வயது. சதுரங்கம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், மனதைப் பார்த்துக்கொள்ள பேடி அப்டன் என்ற இன்னொரு ஆள் என்று கூட இருந்தார்கள். டிசம்பர் 12 அன்று உலக சாம்பியன் ஆனார். நம் அரசுப் பள்ளிக்கு அப்டன் வரப்போவதில்லை. நம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறவரும் பி.இ.டி. வாத்தியார்தான், மனதைப் பார்த்துக்கொள்கிறவரும் அதே வாத்தியார்தான். இதைப் பாரமாக நினைக்கிற இளைய ஆசிரியர்களைப் பார்க்கிறேன். எனக்கு அதைவிடப் பெரிய பேறு ஒன்று கிடைத்ததாக நான் நினைக்கவில்லை.

ஆனாலும் வாத்தியாரால் தாங்க முடியாத அளவுக்குப் பிள்ளையின் மனது உடைந்திருந்தால், தூக்கம் போய், சாப்பாடு போய், பேச்சும் நின்றுபோயிருந்தால், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வீம்பு பிடிக்கக் கூடாது. 14416 என்ற எண்ணை அழைத்தால் அரசின் மனநல ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள். காசு கிடையாது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கால் பிசகினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோமே, அதே மாதிரிதான்.

இன்னொன்றையும் மனம் கசந்துதான் எழுதுகிறேன். பயிற்சியாளர் என்ற நம்பிக்கையைப் பயன்படுத்திப் பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே கைதாகியிருக்கிறார்கள். பூட்டிய அறைக்குள் தனிப் பயிற்சி, ராத்திரியில் பிள்ளைக்கு போன், "வீட்டுல சொல்லாத" என்ற வார்த்தை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பெற்றோர் அந்த ஆளை விட்டு விலகிவிட வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழைக்கலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. பெண் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போகும்போது ஒரு ஆசிரியையோ ஒரு தாயோ கூட வராமல் நான் ஒருநாளும் கிளம்பியதில்லை. நல்ல வாத்தியார் இதைக் கேவலமாக நினைக்க மாட்டார்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் கல்லூரியிலும் தனி இடங்கள் இருக்கின்றன. நல்லதுதான். வேடசந்தூர் மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற ஒரு தாய், தன் மகள் அந்தச் சர்டிபிகேட்டைப் பிடித்து மேலே ஏறிவிட மாட்டாளா என்று ஏங்குவதை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் குடும்பத்தின் கடனையும் தம்பி படிப்பையும் தூக்கி வைத்துவிட்டு ஓடச் சொன்னால், அந்தப் பாரத்தோடு எந்தப் பிள்ளையும் ஓடாது. மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்கு இன்னும் காலையில் நடக்கப் போகிறேன். பைக்கில் வந்து பிள்ளையை ஏற்றிக்கொள்ளும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "எத்தனாவதா வந்த?" என்பதாகத்தான் இருக்கிறது. ஒரு அம்மா மட்டும் டப்பாவைத் திறந்து வேகவைத்த முட்டையை உரித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எதையும் கேட்பார். அவருடைய மகள் தோற்ற நாளிலும் சிரித்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன்.

பூக்காட்டுப் பெண்ணை அதன் பிறகு ஒரு தடவை பார்த்தேன். பல வருடம் கழித்து, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில், இடுப்பில் ஒரு குழந்தையோடு. "நல்லா இருக்கீங்களா சார்?" என்று அவள்தான் முதலில் பேசினாள். அந்த நாளைப் பற்றி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டாள். அந்த மன்னிப்பை இந்தப் பக்கத்தில்தான் எழுத முடிகிறது.

இன்று பள்ளிகளில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே, தம்பி தங்கைகளே, குறுவட்டப் போட்டிகள் வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். சிலர் ஜெயிப்பார்கள், நிறையப் பேர் தோற்பார்கள். ஜெயித்தவனைச் சுற்றி எப்படியும் கூட்டம் இருக்கும். திரும்பி வரும்போது வண்டியில் ஜன்னலோரம் ஒரு பிள்ளை தனியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எழுந்து போய் அதன் பக்கத்தில் உட்காருங்கள்.